இல்லாவிட்டாலும் தெரியாத குரல்

போன வாரம் மாமியார் ஆளுக்கொரு தாளைக் கையில் கொடுத்து, ஆளுக்கொரு அறையில் உட்கார வைத்துப் புதுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்த இடத்தில் விட்டிருந்தேன். "அந்த அம்மாவுக்கு ஒரு நல்ல குணமாவது கொடுக்கக் கூடாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கொடுத்திருக்கிறேனே, தாயே. காது. அந்த மாதிரி ஒரு காது இந்தக் கதையில் வேறு யாருக்கும் கிடையாது, ஒருத்தியைத் தவிர.

இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது பாடுகிற குடும்பம். நாத்தனார் மேல் குரல். வீட்டில் அவளுக்குப் பெயர் மைனா. மருமகள் இரண்டாம் குரல். மாமனார் மூன்றாம் குரல். மருமகளின் கணவன் கீழ்க்குரல். மாமியார் பாடுவதில்லை. கீபோர்டு வாசிப்பாள், ஒரே பாட்டில் நாலு பேரும் நாலு விதமாக என்னென்ன பாடினால் சேர்ந்து இனிக்கும் என்று உட்கார்ந்து எழுதுவாள். விழா மேடை, விளம்பரம், ஓட்டல் வரவேற்பறை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார்கள். இப்போது ஒரு உல்லாசக் கப்பல் எட்டு மாதத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. கப்பல்காரர் இன்றைக்கு நேரில் வந்து கேட்கப் போகிறார்.

அவரவர் குரலை அவரவர் தனி அறையில்தான் கற்க வேண்டும், அடுத்தவர் குரல் காதில் விழவே கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். வந்த புதிதில் மருமகள் ஏன் என்று கேட்டாள். "காது கெட்டுப் போயிடும்" என்றாள் மாமியார். உண்மைக் காரணம் வேறு. மைனாவுக்குக் குரல் தேன், காது களிமண். பக்கத்தில் இன்னொரு பெண்குரல் கேட்டால் போதும், கயிறு கட்டி இழுத்தது போல அதன் பின்னாலேயே போய்விடுவாள். அதனால்தான் தனி அறை. அதனால்தான் மேடையிலும் மைனா ஒரு கோடி, மருமகள் மறு கோடி, நடுவில் ஆண்கள் இரண்டு பேரும் சுவர் மாதிரி.

இது மாமியாருக்குத் தெரியும். மருமகளும் வந்த இரண்டாவது மாதமே கண்டுபிடித்துவிட்டாள், வாயைத் திறக்கவில்லை. மைனாவுக்கு மட்டும் தெரியாது. "எனக்கு அப்படியே அம்மா காது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், பாவம். பாவம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்கு மனம் வருமோ வராதோ.

காலையில் மருமகள் எல்லாருடைய உடைகளுக்கும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். குளியலறையில் கணவன் சவரம் செய்துகொண்டே புதுப் பாட்டை எடுத்தான். பாட்டு ஒருமுறை தொண்டைக்குள் போய்விட்டால் வீட்டுச் சட்டமாவது ஒன்றாவது.

"விளக்கை அணைக்காதே, வந்துகொண்டிருக்கிறேன்…"

இவளும் இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்தபடி தன் குரலைச் சேர்த்துக்கொண்டாள். சேர்க்கவும் ஏதோ நெருடியது. அவன் ஏறினால் இவளும் ஏறினாள். அவன் இறங்கினால் இவளும் இறங்கினாள். அவன் பாடும் அதே சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே இவள் பாடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அத்தை தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டார் போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

பால்கனியில் மாமனார் காலணிக்கு பாலிஷ் போட்டபடி இரண்டாவது வரிக்கு வந்தார். அவர் பாடிய இரண்டாவது வரியும் இவளுடைய இரண்டாவது வரியும் ஒன்றாகவே போயின. சிரிப்பு பாதியில் நின்றது.

மூன்றாவது வரி மைனாவின் அறையிலிருந்து வந்தது. அது அப்படியே இவளுடையது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, அச்சு அசல் அதே. நாலாவது வரிக்குக் குளியலறைக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். திரும்பவும் கணவனிடம் இருந்தது.

சட்டையில் லேசாகக் கருகல் வாசம் வந்தது. அவசரமாக இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள்.

நாலு வரியிலும் இவள் பாடுவதை வேறு யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். இவளுக்கென்று ஒரே ஒரு சுரம்கூடக் கிடையாது. இதன் பொருள் உங்களுக்கும் எனக்கும் உடனே விளங்காது. அவளுக்கு விளங்கியது. மேல் குரலைத்தான் நாம் வீட்டுக்குப் போய் முணுமுணுப்போம், கீழ்க்குரல் தரை. நடுவில் நிற்கிறவர்களை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை, ஆனால் எடுத்துவிட்டால் பாட்டு பல் விழுந்த வாயாகிவிடும். இதுவரை ஒவ்வொரு பாட்டிலும் மாமியார் இரண்டாம் குரலுக்கு ஒரு சுரம் வைத்திருப்பாள். வேறு யாருக்கும் கிடைக்காத சுரம். அது வந்து உட்காரும் இடத்தில்தான் கேட்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும். "குரலைக் கேட்டுத்தான் பொண்ணு எடுத்தோம்" என்று ஊருக்கெல்லாம் சொல்லி அழைத்து வந்தவள் அந்த மாமியார்தான். அந்த ஒற்றைச் சுரத்தை நம்பித்தான் இந்தப் பெண் தன் வேலையை விட்டுவிட்டு இந்த வீட்டுக்குள் வந்தாள்.

இந்தத் தடவை மாமியார் அதைப் பிடுங்கிக்கொண்டாள். எடுத்துவிட்டாலும் தெரியாத மாதிரி ஒரு குரலை எழுதிக் கொடுத்திருந்தாள். எடுப்பதற்காகத்தான் அப்படி எழுதுவார்கள்.

பால்கனிக்குப் போனாள்.

"மாமா, இந்தப் பாட்டுல நான் எதுக்கு?"

மாமனார் நிமிரவில்லை. "எனக்கு என்னம்மா தெரியும். என் குரலைத்தான் எனக்குக் காட்டினா." ஏற்கெனவே முகம் தெரிய மின்னிக்கொண்டிருந்த காலணியை இன்னும் மும்முரமாகத் தேய்த்தார்.

உள்ளே வந்தால் மைனா அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்க பெரிய பெட்டி எங்க? என்னோடது சக்கரம் போச்சு."

"அப்ப நான் எதுல எடுத்துட்டு வர்றது?"

மைனாவின் உதட்டோரத்தில் சிரிப்பு ஒன்று முளைத்தது. அதை மறைக்கக்கூட அவள் மெனக்கெடவில்லை. "அதுவும் சரிதான். அப்புறம் பாத்துக்கலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதே மாமியாரிடம் போய் நேருக்கு நேர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்த அத்தியாயம் இத்தோடு முடிந்திருக்கும். அவள் கேட்கவில்லை. பாடாமலே நின்று பார்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. யாராவது ஒருத்தராவது கவனிப்பார்களா என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. பொல்லாத ஆசை.

ஒத்திகைக்கு ஒரு நடனப் பள்ளியின் கூடத்தை எடுத்திருந்தார்கள். மரத்தரை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கப்பல்காரர் பருத்த மனிதர்; நாற்காலியில் உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு தடவை முனகியது. பாட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கையால் காற்றில் அலை போடுவார். அவருக்குச் சங்கீதத்தைப் பற்றித் தெரிந்தது அந்த அலை மட்டும்தான்.

வழக்கம் போல மைனா இடது கோடி, மருமகள் வலது கோடி. மருமகளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரச, கணவன். மாமியார் கீபோர்டில் விரலை வைத்துத் தலையசைத்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. மருமகள் வாயை அசைத்தாள். மூச்சை மட்டும் விட்டாள். எதிர்க் கண்ணாடியில் நாலு வாய்களும் ஒன்றாகத் திறந்து மூடின. பாட்டில் ஓட்டை இல்லை, பிசிறு இல்லை. தான் இல்லாத பாட்டை அவள் வெளியே நின்று கேட்பது போல் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

ஓரக்கண்ணால் கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடி லயித்துப் பாடிக்கொண்டிருந்தான். கை நீட்டினால் படுகிற தூரத்தில் மனைவியின் தொண்டை செத்துக்கிடந்தது. அவனுக்கு ஒன்றும் குறையவில்லை.

மூன்றாவது வரியில் மாமியார் நிமிர்ந்தாள். மருமகளின் வாயைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு அவள் முகத்தில் மெதுவாக ஒரு நிம்மதி பரவியது. கோபமே இல்லை. போட்ட கணக்குச் சரியாக வந்ததைப் பார்க்கிறவளின் நிம்மதி. தலையைக் குனிந்துகொண்டு வாசித்து முடித்தாள்.

கப்பல்காரர் எழுந்து நின்று கை தட்டினார். "அருமைங்க. நாலு குரலும் நாலு பக்கத்துல இருந்து வந்து அப்படியே அணைச்சுக்குது." காற்றில் அலை போட்டார். "குறிப்பா அந்தக் கடைசில நிக்கறவங்க. முகத்துல கஷ்டமே தெரியாம பாடறாங்க பாருங்க. பயணிங்களுக்கு அதான் வேணும்."

கடைசியில் நின்றவள் மருமகள். மாமனாருக்கு இருமல் வந்தது.

"ஆனா போன்லயே சொன்னேனே," என்று கப்பல்காரர் குரலை இறக்கினார். "நாலு பேருக்குத்தான் இடம். ரெண்டு அறை, அறைக்கு ரெண்டு படுக்கை. நீங்க அஞ்சு பேர் இருக்கீங்க."

"ஞாபகம் இருக்கு சார்" என்றாள் மாமியார். "நான் வாசிக்கணும். மூணு பேர் பாடினா போதும். டீ குடிச்சுட்டு வாங்க, அதே பாட்டை மூணு குரல்ல பாடிக் காட்டறோம். வித்தியாசம் தெரிஞ்சா சொல்லுங்க."

மருமகள் கண்ணாடியைப் பார்த்தாள். மாமனார் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைனா முடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கணவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தான். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. நாலு பேருக்குத்தான் இடம் என்பது அந்தக் கூடத்தில் ஒருத்திக்கு மட்டும்தான் புதுச் செய்தி.

தாழ்வாரத்தில் தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கணவனைப் பிடித்தாள்.

"என் குரல் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எப்பவும் போல நல்லா இருந்துச்சு." காகிதக் குவளையை ஊதினான்.

எதை முதலில் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாலு பேருக்குத்தான் இடம்னு உங்களுக்குத் தெரியும்."

"சொல்லணும்னுதான் இருந்தேன். பாட்டு முடியட்டும்னு அம்மாதான்… உனக்கு மனசு கெட்டா குரல் கெட்டுடும்ல. அப்புறம் எல்லாருக்கும்தானே நஷ்டம்."

"என் குரல் கெடக் கூடாதுன்னு பாத்தீங்க."

"ஆமா" என்றான், அவளுக்குப் புரிந்துவிட்டதே என்ற நிம்மதியோடு. "எட்டு மாசம்தான். கண்ணை மூடித் திறந்தா ஓடிடும். வீட்டையும் யாராவது பாத்துக்கணும். மைனாவை விட்டுட்டுப் போனா அவ தாங்குவாளா? நீன்னா சமாளிச்சுக்குவ."

சண்டை போட்டிருந்தால்கூட அவள் அழுதிருப்பாள். அவன் இவ்வளவு கனிவாகச் சொன்னதில்தான் அவளுக்குள் ஏதோ இறுகிப்போனது. மாமியார் திட்டம் போட்டு நறுக்கினாள். அதற்காவது இவள் அங்கே இருப்பது தெரிந்திருக்க வேண்டும். இவனுக்கு இவள் பாடினாளா இல்லையா என்பதே தெரியாது.

"டீ ஆறிடப் போகுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே கப்பல்காரர் கைப்பேசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலிடத்துக்கு அனுப்பப் படம் பிடிக்க வேண்டுமாம்.

"அப்ப மூணு பேரும் நில்லுங்க" என்றாள் மாமியார்.

"அத்தை," என்றாள் மருமகள். குரலில் வெண்ணெய். "முதல்ல நாலு பேரும் பாடி எடுத்துடலாமே. அப்புறம் மூணு பேர். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டாத்தானே வித்தியாசம் இல்லைன்னு அவங்க மேலிடத்துக்கும் புரியும்?"

"நல்ல யோசனை" என்றார் கப்பல்காரர். "அப்புறம் ஒண்ணு. பெண்கள் ரெண்டு பேரும் நடுவுல வாங்க. ஆண்கள் ரெண்டு ஓரத்துலயும். படத்துல அழகா இருக்கும்."

"வேண்டாம் சார், அவங்கவங்க இடத்துலயே நிக்கட்டும்" என்றாள் மாமியார் அவசரமாக.

"ஏங்க?"

மாமியார் என்ன சொல்ல முடியும்? என் மகளுக்குக் காது கிடையாது என்றா? மைனா அதற்குள் துள்ளி வந்து நடுவில் நின்று, துப்பட்டாவைச் சரிசெய்து, கைப்பேசியைப் பார்த்துப் புன்னகைக்க ஆரம்பித்துவிட்டாள். மருமகள் வந்து அவள் பக்கத்தில் ஒட்டி நின்றாள். மாமியார் மருமகளைப் பார்த்தாள். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். அந்தக் கூடத்தில் காது உள்ள இரண்டே பேர்.

முதல் இரண்டு வரிகளிலும் மருமகள் வாயை மட்டும் அசைத்தாள், பாட்டு ஒழுங்காகப் போனது. மூன்றாவது வரியில் மேல் குரலும் இரண்டாம் குரலும் ஒரே சுரம். மாமியார் கைப்பட எழுதியதுதான். மருமகள் மைனாவின் காதுப் பக்கம் லேசாகச் சாய்ந்து, கைப்பேசிக்கு எட்டாத அளவு மெல்லிய குரலில் அந்த வரியைப் பாடினாள். அதே வரியை, ஒரு மயிரிழை கீழே.

மைனா கீழே வந்தாள். மருமகள் இன்னொரு இழை இறங்கினாள். மைனாவும் கூடவே இறங்கினாள், விரலைப் பிடித்துப் படி இறங்குகிற பிள்ளை மாதிரி. நன்றாக இறங்கிய பிறகு மருமகள் விரலை விட்டாள். வாயை மூடி, கண்ணாடியைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

இப்போது மைனா தனியாக இருந்தாள். கீழே ஆண்கள் இரண்டு பேரும் பாட்டை அதன் இடத்தில் வைத்திருந்தார்கள். மேலே அவள், பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் நின்று ஊளையிட்டாள். அவளுக்கே அது தெரிந்தது. ஏறிப் பார்த்தாள், பிடிபடவில்லை. இறங்கிப் பார்த்தாள், பிடிபடவில்லை. குரல் உடைந்து, வரியின் நடுவில் நின்றுபோனாள்.

கப்பல்காரருக்கே கேட்டுவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை இறக்கினார். காற்றில் போடுகிற அலையை மறந்துவிட்டார். "என்ன ஆச்சுங்க?"

"அண்ணிதான்" என்றாள் மைனா. "அண்ணி பக்கத்துல ஏதோ பண்ணினாங்க."

"நானா?" என்றாள் மருமகள். "சார், அதைக் கொஞ்சம் போடுங்களேன்."

கப்பல்காரர் போட்டார். கைப்பேசியில் கேட்டது ஒரே ஒரு பிசகிய குரல். படத்தில், அந்தக் குரல் திணறுகிற இடத்தில் மருமகளின் வாய் மூடியிருந்தது. மைனா அதைக் கடைசி வரை பார்த்தாள். முகம் வெளுத்தது.

"அம்மா, நீ சொல்லு. நான் தப்பாவா பாடினேன்? எனக்கு உன் காதும்மா. நீதானே சொல்லுவ?"

மாமியார் கீபோர்டை அணைத்தாள். எட்டு மாதக் கப்பல் கண் முன்னால் மூழ்குவதைப் பார்க்கிற ஆத்திரத்தில், இத்தனை வருஷம் அறை அறையாகப் பூட்டி வைத்ததை ஒரே வாக்கியத்தில் வெளியே கொட்டினாள்.

"உனக்குக் காதே கிடையாதுடி. எப்பவுமே கிடையாது. அதை மறைக்கத்தான் நான் இத்தனை பாடு பட்டேன்."

மைனா அழவில்லை. அண்ணனைப் பார்த்தாள், அவன் பாட்டில் மூடியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தாள், அவர் எங்கே பார்த்தார் என்று உங்களுக்கே தெரியும். பிறகு துப்பட்டாவை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மருமகளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. இரண்டு நிமிஷம் நன்றாகவே இருந்தது.

கப்பல்காரர் நல்ல மனிதர். "மூணு பேர் யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. பாட்டு பிடிச்சிருக்கு, அதை விட மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள பதிவு பண்ணி அனுப்பிடுங்க" என்று சொல்லி, நாற்காலியை இன்னொரு தடவை முனக வைத்துவிட்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்ததும் மைனா அறையைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் கதவு பாதி திறந்து, மருமகளின் பெரிய பெட்டி நடைக்கு வந்தது. திரும்பவும் கதவு சாத்திக்கொண்டது. பெட்டியை உள்ளே கொண்டுபோக மருமகளுக்குக் கை வரவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு எல்லாரும் நடந்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமியார் கூப்பிட்டாள். தான் எழுதுகிற அறைக்கு. எழுதும்போது யாரும் உள்ளே போனது கிடையாது.

"கதவைச் சாத்து. உக்காரு."

மருமகள் உட்கார்ந்தாள். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"எவ்வளவு இறக்கின?"

"அரைச் சுரம்கூட முழுசா இல்ல, அத்தை."

"அதான் போன்ல விழல." மாமியார் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலில் ஒரு மரியாதை இருந்தது. அதற்காக மருமகள் தன்னையே வெறுத்தாள். "முதல் தடவை நீ பாடவே இல்ல."

"தெரிஞ்சுதா?"

"எனக்குத் தெரிஞ்சுது. வேற யாருக்குத் தெரிஞ்சுதுன்னு நினைக்கற?" மாமியார் நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பக்கத்துலயே நின்னானே, அவனுக்குத் தெரிஞ்சுதா?"

எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள புதுசா எழுதணும்" என்றாள் மாமியார். "நாலு குரலுக்கும் எழுதணும், இல்லாட்டி இறங்கற ஆளுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். ஆனா ஒருத்தர் இருந்தாலும் இல்லாட்டியும் தெரியக் கூடாது. இந்தத் தடவை யாரைக் கப்பல்லேர்ந்து இறக்கணும்னு உனக்கே தெரியும். பெத்த பொண்ணை என் கையால இறக்க என்னால முடியாது. உன்னால முடியும். இன்னிக்குப் பாத்துட்டேன்." பென்சிலைத் தள்ளினாள். "நீ எழுது."

இப்படி ஒரு பரிசை எந்த மாமியாரும் மருமகளுக்குக் கொடுத்திருக்க மாட்டாள். கொடுக்கவும் வேண்டாம்.

மருமகள் பென்சிலை எடுத்தாள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் மைனா அழுவது கேட்டது. அழுகையிலும் அவளுக்குச் சுருதி நிற்கவில்லை. மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை விழுங்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணை அவள் விரலைப் பிடித்து அழைத்துப்போய் நட்டாற்றில் விட்டாள். மறுபடியும் விடலாம். ரொம்பச் சுலபம்.

எழுத ஆரம்பித்தாள்.

முதலில் மேல் குரல். பாட்டின் மெட்டை முழுசாக மைனாவிடமே கொடுத்தாள். மாமியாரின் புருவம் உயர்ந்தது. அடுத்தது இரண்டாம் குரல். மூன்றாவது வரியில் தனக்கென்று ஒரு சுரம் வைத்துக்கொண்டாள். வேறு யாருக்கும் கிடையாத சுரம். அதை வாய்க்குள் ஒரு தடவை பாடிப் பார்த்தாள். மூன்றாம் குரலை இறக்கி இறக்கித் தரைக்குக் கொண்டுவந்தாள். மாமனார் முக்கி முனகினால் எட்டிவிடும்.

பிறகு கீழ்க்குரல். முதல் வரிக்கு மாமனாரின் சுரங்களை அப்படியே எழுதினாள். இரண்டாவது வரிக்குத் தன்னுடையதை ஒரு ஸ்தாயி கீழே வைத்தாள். மூன்றாவது வரிக்குத் திரும்பவும் மாமனார். பென்சில் தங்கு தடையில்லாமல் ஓடியது. இவ்வளவு லேசா இது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தாள். வாய்க்குள் பாடிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள்.

"இது அவனோட குரல்."

"தெரியும் அத்தை."

"கீழ்க்குரல் இல்லாம பாட்டு நிக்காது."

"மாமா குரலைக் கீழ இறக்கிட்டேன். நிக்கும்."

மாமியார் திரும்பவும் முதலிலிருந்து பாடிப் பார்த்தாள். பாட்டு நின்றது. காது பொய் சொல்லாது. அதுதான் அவளுடைய சாபம். "மைனா?"

"என்னைத் தள்ளி நிக்க வைங்க, சரியாப் பாடுவா. நான் நினைச்சா."

"அவன் என் பையன்டி."

"மைனா உங்க பொண்ணு. நான் உங்க மருமக. யாரையாவது இறக்கித்தானே ஆகணும்? நீங்களே சொல்லிக்கொடுத்ததுதான்." மருமகள் நிமிரவில்லை. "எட்டு மாசம்தானே அத்தை. வீட்டையும் யாராவது பாத்துக்கணும்."

மாமியார் மேசை மேலிருந்த ரப்பரை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. "உள்ள என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" கணவனின் குரல். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்ட சந்தோஷம் அதில் தெரிந்தது. "புதுப் பாட்டா? எனக்கு என்னம்மா எழுதியிருக்க?"

மருமகள் கடைசி வரியின் கடைசிச் சுரத்தை எழுதி முடித்துவிட்டுக் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"எப்பவும் போலதாங்க."

"அப்ப சரி" என்றான் அவன். பெட்டியைச் சுற்றிக்கொண்டு, கீழ்க்குரலில் எதையோ முணுமுணுத்தபடி அவன் நடந்து போவது உள்ளே கேட்டது. மாமியார் ரப்பரைக் கையில் பிடித்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.